முதலில் பாய் சிரிக்கட்டும்

நீங்கள் பார்த்துப் பார்த்து ஒட்டிக் கொடுத்த பொருள் அடுத்த வாரமே அதே இடத்தில் உடைந்து உங்கள் முன்னால் வந்து நின்றிருக்கிறதா? நின்றிருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான், பக்கத்தில் வந்து உட்காருங்கள். பஞ்சர் ஒட்டுபவருக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையைத் தைத்துத் தைத்தே அலுத்துப்போன அம்மாக்களுக்கும் இது புரியும். நான் ஒட்டியது விமானம். பயந்துவிடாதீர்கள், ஆள் ஏறுகிற விமானமில்லை. தரையில் நின்றுகொண்டு ரிமோட்டில் ஓட்டுகிற பொம்மை விமானம். பொம்மை என்று நான் சொன்னது மட்டும் எங்கள் கிளப்பில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் படித்தவள் நான். கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்து, பாப்பா தவழ ஆரம்பித்த பிறகு, விமானச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தக்கை மாதிரி லேசான மரத்தில் செய்த இறக்கையின் மேல் வழவழப்பான கலர்த்தாளை விரித்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால், சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் மதுக்கரை தாண்டி ஒரு மேட்டுக்காட்டில் கூடுவார்கள்; எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். ஒரு கையில் பசைப் பெட்டி, இடுப்பில் பாப்பா என்று நானும் போய்விடுவேன்.

சிரிக்கும் முறை

நான் போன முதல் ஞாயிறு. சென்னியப்பன் அண்ணனின் விமானம் ஜம்மென்று மேலே ஏறியது. அண்ணன் பம்புசெட் பட்டறையும் விவசாயமும் பார்ப்பவர், அந்த மேட்டுக்காட்டுக்கே சொந்தக்காரர், வாய் ஓயாதவர். ஏறிய விமானம் என்ன நினைத்ததோ, குப்புறக் கவிழ்ந்து பக்கத்து மக்காச்சோளத்துக்குள் மூக்கால் இறங்கியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மற்றவர்கள் யாருமே சிரிக்கவில்லை. எல்லாரும் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணன் ரிமோட்டைப் பார்த்தார், காலியான வானத்தைப் பார்த்தார், பிறகு 'ஹோ'வென்று சிரித்தார். அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. என் பக்கத்தில் நின்றவர் யூசுப் பாய், கோட்டைமேட்டில் படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவர். மெதுவாக என்னிடம் சொன்னார்: "விழுந்தவன் சிரிக்கற வரைக்கும் வேற யாரும் சிரிக்கக் கூடாது தங்கச்சி. இங்க இருக்கற ஒரே சட்டம் அதுதான்."

ஒரு வாய் ரசஞ்சோறு

பாய் வைத்திருந்தது மஞ்சள் விமானம், எண்ணெய் ஊற்றி ஓட்டுகிற என்ஜின். அது கிளம்பினால் காடு முழுக்க விளக்கெண்ணெய் காய்ச்சின மாதிரி வாசம் அடிக்கும். என் பாப்பா அந்த விமானம் வானத்தில் இருந்தால்தான் வாயைத் திறப்பாள். இறங்கிவிட்டால் உதட்டைப் பூட்டிக்கொள்வாள். கிண்ணத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே பாய் இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று ஓட்டுவார்.

ஒருநாள் பாதிச் சோற்றில் என்ஜின் நின்றுவிட்டது. விமானம் சத்தமில்லாமல் மிதந்து வந்து எருக்குழி ஓரமாக உட்கார்ந்தது. பாப்பா வாயை மூடிக்கொண்டாள். பாய் என்னைவிட வருத்தமாக வந்து நின்றார்: "எண்ணெய் தீந்துபோச்சு தங்கச்சி. மிச்சத்தை நீங்களே சாப்பிட்டுருங்க."

தென்னையேறிய விமானம்

கடையில் மஞ்சள் தாள்தான் நிறைய மிஞ்சியிருந்தது. சென்னியப்பன் அண்ணன் புது விமானம் கட்டியபோது அதற்கும் மஞ்சளே போட்டாயிற்று. அடுத்த ஞாயிறு இரண்டு மஞ்சளும் ஒரே நேரத்தில் மேலே போயின. பாய் அன்றைக்கு மாதிரி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. விமானம் குட்டிக்கரணம் போட்டது, தலைகீழாகப் பறந்தது. "பாத்தீங்களா தங்கச்சி, என்னமா வளையுது!" என்று பூரித்துப்போய் ரிமோட்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்று ஓட்டிக்கொண்டிருந்த சென்னியப்பன் அண்ணன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்: "பாய், அது என்ற வண்டிங்க. உங்குளுது தென்னை மரத்துல ஏறி ரொம்ப நேரமாச்சு."

பாய்தான் முதலில் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. நாங்கள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். சாயங்காலம் முறிந்த இறக்கையை என்னிடம் கொடுக்கும்போது மட்டும் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை: "அடிப்பக்கமா கருப்புப் பட்டை ஒண்ணு போட்டுருங்க தங்கச்சி. கொஞ்சம் அகலமா."

மூக்கும் வாலும்

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை ஒட்டக் கொடுக்கும்போதும் பட்டை இன்னும் கொஞ்சம் அகலமாக வேண்டும் என்பார். "இதுக்கு மேல போட்டா மஞ்சளே இருக்காதுங்க பாய்" என்றேன். அப்போதுதான் சொன்னார். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. விமானம் புள்ளியாகத் தெரிகிறது, மூக்கு எது வால் எது என்று தெரியவில்லை. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கிற வரைக்கும் ஓட்டிக்கொள்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இந்த விமானங்களில் ஒரு தொல்லை உண்டு. நம்மைவிட்டுப் போகும்போது வலதென்றால் வலது. நம்மை நோக்கித் திரும்பி வந்தால் வலது இடதாகிவிடும். மூக்கு தெரியாதவர் எந்தப் பக்கம் திருப்புவார்? அதனால் அடுத்த ஞாயிற்றிலிருந்து நான் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தேன். நம்மைப் பார்த்து வந்தால் 'மூக்கு', போனால் 'வாலு'. மீதியைப் பாயின் கை பார்த்துக்கொண்டது. ஆளில்லாத காட்டுக்கு மேலேயே ஓட்டினோம், ஒரு கீறல் இல்லாமல் இறக்கினோம். விஷயம் தெரியாத சென்னியப்பன் அண்ணன் அந்தப் பக்கமிருந்து கத்தினார்: "ஏனுங்க அம்மணி, பொள்ளாச்சிச் சந்தையில மாடு புடிக்கறாப்புல என்னத்துக்குங்க மூக்கு வாலுன்னு ஏலம் போடறீங்க?"

சிரிப்பு வராத ஞாயிறு

அன்றைக்கு வானம் முழுக்க வெள்ளையாக மூட்டம். மஞ்சள் விமானம் அதற்குள் போனதும் என் கண்ணுக்கே அகப்படவில்லை. "மூக்கா, வாலா தங்கச்சி?" என்று பாய் கேட்கிறார். "எனக்கே தெரியலீங்க பாய்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மக்காச்சோளத்துக்குள் சத்தம் கேட்டது. எல்லாரும் வழக்கம்போலப் பாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாய் சிரிக்கவில்லை. நின்றோம், நின்றோம், சிரிக்கவே இல்லை. அப்போதுதான் அந்த மூக்கும் வாலும் எதற்கென்று எல்லாருக்கும் புரிந்துபோனது. சென்னியப்பன் அண்ணன் காட்டுக்குள் போய், துண்டுகளையெல்லாம் பொறுக்கித் தன் தோள் துண்டில் கட்டிக்கொண்டு வந்தார்.

பாய் ரிமோட்டைத் தன் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "நீங்க ஒட்டிருவீங்கன்னு தெரியும். இனிமே நீங்களே ஓட்டுங்க தங்கச்சி. என்ஜினை மட்டும் மாத்திப்போடாதீங்க, அந்தச் சத்தம் எனக்கு வேணும்."

போனில் வந்த சிரிப்பு

எனக்கு ஓட்டப் பழக்கியது சென்னியப்பன் அண்ணன். பழக்கும்போது அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. நான் தனியாக ஓட்டும் நாள் வந்தது. பாயை வரச்சொன்னோம். வந்து நின்றால் கை துறுதுறுக்கும், போனிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்றுவிட்டார். அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டார். விமானம் ஏறியது, திரும்பியது, விளக்கெண்ணெய் வாசம் பழையபடி காட்டை நிறைத்தது. இறக்கும்போது வலது இடதை மாற்றித் திருப்பி, நேராக மக்காச்சோளத்துக்குள் விட்டேன். என்ஜின் நின்றது.

கூட்டம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கோ அழுகைதான் முட்டியது. பாயின் விமானத்தை முதல் நாளே இப்படிச் செய்துபோட்டேனே! அப்போது அண்ணனின் கையிலிருந்த போனிலிருந்து அந்தப் பழைய சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் சிரிப்பு, கணீரென்று கேட்டது. நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் ஊரே சிரித்தது. போனுக்குள்ளிருந்து பாய் சொன்னார்: "மக்காச்சோளந்தானே தங்கச்சி? அந்தச் சத்தம் நமக்குப் பழக்கமாச்சே!"

இப்போது முக்கால்வாசிப் பேர் பேட்டரிக்கு மாறிவிட்டார்கள், மேட்டுக்காட்டில் விளக்கெண்ணெய் வாசம் வருவது எங்கள் மஞ்சளிலிருந்து மட்டும்தான். உடைப்பதும் நானே ஒட்டுவதும் நானே என்றான பிறகு வாடிக்கையாளரைக் குறைசொல்லும் சுகம்கூட எனக்கு இல்லாமல் போனது என்று நான் முணுமுணுத்துக்கொண்டே விமானத்தைத் திருப்ப, ஞாயிறு தவறாமல் போனுக்குள்ளிருந்து பாயின் குரல் வரும்: "சென்னியப்பா, போனைக் கொஞ்சம் மேல தூக்கிப் புடிப்பா, வண்டி தூரமாப் போகுது."