சாட்சி இல்லாத தண்ணீர்

எங்கள் பங்குக் கோயிலில் திருமணத்துக்கு ஆயத்தமாகும் இளைஞர்களுக்குப் புத்தி சொல்லப் பல ஆண்டுகள் என்னையே அழைத்தார்கள். கிறிஸ்தவக் கணவன், கிறிஸ்தவத் தகப்பன் என்னும் பொருளில் தடுமாறாமல் பேசுவேன். மாலை ஜெபமாலையிலோ பிள்ளைகளின் ஞானோபதேசத்திலோ என் வீட்டில் குறை இருந்ததில்லை. ஒன்றை மட்டும் அங்கே சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் மேட்டூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினேன். கல்லூரிப் பட்டம் பெற்ற கத்தோலிக்கர் அங்கே மூவரோ நால்வரோதான். ஆடி மாதத்தில் எங்கள் முதல் குழந்தை பிறந்தாள். எட்டு நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். நான் தள்ளிவைத்தேன். சேலத்தில் பெரிய உத்தியோகத்திலிருந்த ஒருவர் ஞானத்தகப்பனாக நிற்க இசைந்திருந்தார். அவருக்குக் குழந்தை பிறந்த பின் வரும் மூன்றாம் ஞாயிறுதான் ஒழிவாக இருந்தது.

மனைவி குமாரபாளையத்துப் பெண். அதிகம் படித்தவள் அல்லள். குழந்தை பால் குடிக்கச் சோம்புகிறது, காத்திருக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். பெரிய மனிதரிடம் சொன்ன நாளை மாற்றுவது மரியாதையல்ல என்றேன்.

பதினாறாம் நாள் முற்பகலில் வேலையிடத்துக்கு ஆள் வந்தது. நான் வீடு சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையின் தலைமயிர் ஈரமாயிருந்தது.

"நானே ஊத்திட்டனுங்க," என்றாள். "மூச்சு இழுத்துது. சொம்புல தண்ணி இருந்துது."

உயிராபத்தில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதைப் பலருக்குக் கற்பித்தவன் நான். ஆகவே விசாரித்தேன். அப்போது உயிர் இருந்ததா? ஊற்றும்போதே ஞானஸ்நான வார்த்தைகளைச் சொன்னாயா, ஊற்றிய பின்னா? முழுவதும் சொன்னாயா? யார் பார்த்தார்கள்? குழந்தை இன்னும் அவள் மடியில்தான் கிடந்தது. முதல் கேள்விக்கு ஆம் என்று தலையசைத்தாள். மற்றவற்றுக்கு, "சொன்ன மாதிரித்தானுங்க இருக்குது," என்றாள்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தின் மந்திரித்த மண்ணில் இடமில்லை என்பது அன்றைய ஒழுங்கு. பங்குச் சாமியார் இளகிய மனத்தினர். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க சம்சாரம் சொல்றதை நீங்க நம்புறீங்களா?"

ஆம் என்றால் போதும். நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்லி மகளை உள்ளே நுழைத்துவிட்டான் என்று நாளை எவனும் பேசிவிடலாகாது என்பதே அப்போது என் மனத்தில் நின்றது. "உறுதியாகச் சொல்ல முடியவில்லை, சுவாமி," என்றேன்.

கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, ஒரு வேலமரத்தடியில் புதைத்தோம். இடத்தை அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

மூன்று ஆண்டுகள் கழித்து மகன் பிறந்தான்; நல்ல திடமான குழந்தை. அன்று காலையே பக்கத்து வீட்டு அம்மாளை அவள் அழைப்பது முன்னறையிலிருந்த என் காதில் விழுந்தது. அந்த அம்மாள் இந்து, தயங்கினாள்.

"உங்க சாமிக்கு நானு சாட்சி சொல்லலாமுங்களா?"

"சாமிக்குச் சாட்சி வேண்டாமுங்க அக்கா. எங்கூட்டுக்காரருக்குத்தான் வேணும்."

தண்ணீர் விழும் ஓசையும், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி உரக்கச் சொன்ன அவள் குரலும் கேட்டன. ஆபத்து இல்லாதபோது அப்படிச் செய்யலாகாது என்ற விதி எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மகனைக் கோயிலுக்கு எடுத்துச் சென்றேன். மனைவி கொடுத்த ஞானஸ்நானம் செல்லும் என்று சாமியாரிடம் சொன்னேன். நன்றாக விசாரித்தீர்களா என்றார். விசாரிக்கவில்லை, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றேன். பிள்ளை பெற்ற உடம்போடு அவள் வீட்டிலிருந்தாள். நான் அப்படிச் சொன்னதைத் திரும்பி வந்ததும் அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்த ஆண்டிலாவது, அதற்குப் பின் எந்த ஆண்டிலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது அவளும் இல்லை. தன்னைப் புதைக்கக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாக இடம் வேண்டுமென்று சாமியாரிடம் கேட்டுவைத்திருந்தாள். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்த வேலமரம் இப்போது இல்லை. மகளைப் புதைத்த இடம் எதுவென்று அறிந்தவன் இன்று நான் ஒருவனே.

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு மெழுகுவர்த்தி வாங்கிச் செல்கிறேன். ஒன்றை அவள் தலைமாட்டில் ஏற்றுகிறேன். எனக்கு வணக்கம் சொல்லச் சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். மற்றதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறேன்.