மின்னல் குறி போட்ட இடம்

பிரதீபாவுக்குத் தாளம் பிசகியதே கிடையாது. மகனை டிரம்ஸ் வகுப்புக்கு அழைத்துப் போனவள் அவள்; மகன் ஒரே மாதத்தில் விட்டுவிட்டான், அம்மா பிடித்துக்கொண்டாள். பகலெல்லாம் வரிச்சிக்குடி அங்கன்வாடியில் பிள்ளைகளோடு மல்லாடுகிறவள், கச்சேரி மேடையில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் வேறு ஒருத்தி. பாட்டைக் காதால் கேட்டே வாசித்துவிடுவாள்.

அந்த இருக்கைக்குத்தான் இப்போது ஆபத்து. வெளியூர் வயலின்காரர்களோடு சேர்ந்து ஒரு கச்சேரி. அவள் வாசிக்கும் குழுவை நடத்தும் நௌஷின் எல்லோர் கையிலும் பாட்டை இசைக்குறிகளாக எழுதிய நொட்டேஷன் தாளைக் கொடுத்துவிட்டாள்.

“அக்கா, இந்தத் தடவ எல்லாரும் இதப் பாத்துத்தான் வாசிக்கணும். ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்குள்ள இது கைக்கு வரலன்னா வேற ஆளத்தான் கூப்பிடணும். கோவிச்சுக்காதீங்க.”

அவள் அதை மெதுவாகச் சொன்னதுதான் பிரதீபாவை அதிகம் சுட்டது.

வீட்டில் தாளை விரித்தாள். ஐந்து கோடுகள், அவற்றில் புள்ளிகள், உச்சியில் பெருக்கல் குறிகள். வயலிலிருந்து வந்த கணவன் முருகானந்தம் கால்கூடக் கழுவாமல் எட்டிப் பார்த்தான்.

“என்னடி இது, நாத்து நட்ட வயல்ல எலி மேஞ்ச மாதிரி?”

“கிண்டல் பண்ணாதீங்க. இது வரலன்னா என்னையத் தூக்கிடுவாங்க.”

செல்போனில் நொட்டேஷன் பாடம் ஓட, தலையணையில் ஸ்டிக்கால் தட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். மேலே இருக்கும் பெருக்கல் குறி, உயரத்தில் தட்டுகிற ஹை-ஹாட் தட்டு. நடுப்புள்ளி, மடிக்கு நேரே உள்ள ஸ்னேர் டிரம். அடிப்புள்ளி, காலால் மிதிக்கிற பேஸ் டிரம்.

“ஏங்க, இது நான்தாங்க. மேல கை, கீழ கால். என்னையவே உக்கார வச்சு எழுதியிருக்காங்க.”

அவனுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. தாளில் விரலை ஓட்டியவன் ஒரு நெளிந்த கீற்றில் நிறுத்தினான். “இது என்ன, மின்னல் மாதிரி?”

பாடத்தில் அது இன்னும் வரவில்லை. “மின்னல்னா இடிதான். ஓங்கி அடிக்கணும்போல” என்றாள்.

ஒத்திகையில் பாதிப் பாட்டுவரை ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. நௌஷின் முகம் மலர்வதை ஓரக்கண்ணால் பார்த்தாள். வரிசையாக நான்கு மின்னல்கள் வந்தன. நான்குக்கும் சிம்பல் தட்டை ஓங்கி அறைந்தாள்.

வயலின்கள் நின்றுவிட்டன.

“அக்கா, அங்க அடிக்கக் கூடாது.”

“குறி போட்டிருக்கேம்மா.”

“அது சும்மா இருக்கறதுக்குக் குறி.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பிரதீபாவின் கண்கள் நிறைந்தன. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. “சும்மா இருக்கறதையுமா எழுதி வைப்பாங்க?”

“ஆமாக்கா. ஒரு குறிக்கு ஒரு எண்ணிக்கை. அடிக்காம எண்ணணும்.”

“இன்னொரு தடவ போவோம்மா.”

மறுபடி அந்த இடம் வந்தது. ஸ்டிக்குகளைத் தூக்கிப் பிடித்தபடி மனசுக்குள் எண்ணினாள். பாடகி மூச்சை இழுப்பது கேட்டது. அதன் அடியில் வயலின் ஒன்று மெல்ல இழைந்தது. எத்தனையோ மேடைகளில் அவள் வாசித்த பாட்டுதான். அந்த இடத்தை இத்தனை காலமும் தன் கையே மூடி வைத்திருந்தது என்று இன்றுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் நௌஷின் இன்னொரு தாளோடு வந்து நின்றாள்.

“வேற ஆளு…” என்று இழுத்தாள் பிரதீபா.

“அடுத்த பாட்டு ரெண்டு பக்கம்க்கா. பாத்து வச்சுக்கங்க.”

அழுகையை மறைக்க அந்தப் புதுத் தாளை வாங்கி முகத்தருகே கொண்டுபோனவளின் கண் ஒரு கோட்டின்மேல் குந்தியிருந்த புதுக்குறியில் நின்றது.

“நௌஷின், இது என்னம்மா, தொப்பி மாதிரி?”