கல் என்றால் நேற்று

டெல்லியில் நாலு வருஷம் இருந்தும் என் இந்தியெல்லாம் காய்கறிக்காரரிடம் கற்றதுதான். முருங்கைக்காய் இல்லையென்றால் "கல் லாவூங்கா" என்பார், மறுநாள் கொண்டுவருவார். ஆகவே 'கல்' என்றால் நாளை. நேற்றுக்கும் அதே சொல்தான் என்பது எனக்குத் தெரியாது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. தத்தெடுக்க ஓர் இல்லத்தில் பதிவு செய்து மூன்று வருஷமாகக் காத்திருந்தோம். ஒரு நாள் காலை அங்கிருந்து ஃபோன் வந்தது. "கல் ஏக் பச்சீ ஆயீ. ஆப் ஆயியே." நாளைக்கு ஒரு பெண் குழந்தை வருகிறது, வாருங்கள் என்று புரிந்துகொண்டேன். ஆபீஸ் வேலையாகப் போபால் போயிருந்த என் கணவருக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நான் அவரிடம் தமிழில் அல்லவா சொன்னேன்! அவரும் நம்பி ரயிலேறினார். நான் ஜனக்புரி கடைகளில் குட்டிச் சட்டை தேடி அலைந்தேன்.

மறுநாள் இருவரும் போய் நின்றால், குழந்தை இல்லை. 'நேற்று ஒரு குழந்தை வந்தது' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஃபோன் செய்த அன்று சாயங்காலம் வரை எங்களுக்காகக் காத்திருந்துவிட்டு, பட்டியலில் அடுத்து இருந்தவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் அவர் எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்ததும் முருகன் படத்தின் முன் நின்று கத்தினேன். "உனக்கு இந்தி தெரியும்தானே? என் காதுல ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?" எதிர்வீட்டுத் தமிழ் அக்கா ஆறுதலாக, "எல்லாத்துக்கும் சாமி ஒரு நேரம் வச்சிருக்கும்மா" என்றார். அவரோடும் ரெண்டு மாசம் பேச்சை நிறுத்தினேன்.

எட்டு மாதம் கழித்து மறுபடி ஃபோன் வந்தது. இந்தமுறை கணவர்தான் எடுத்தார். அன்றே போனோம். ஐந்து மாதக் குழந்தை, என் விரலைப் பிடித்தவள் விடவில்லை. காகிதத்தில் பிறந்த தேதியைப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டேன். நான் முருகனைத் திட்டிய அன்று என் மகள் பிறந்திருக்கவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அதற்காக அந்த முதல் குழந்தையை மறக்க முடியுமா? மகளின் பிறந்தநாளில் கோவிலில் இரண்டு அர்ச்சனை செய்வேன். இரண்டாவதற்குப் பேரும் நட்சத்திரமும் தெரியாததால், "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பேன். ஏழு வயதில் மகள் கேட்டாள்.

"அம்மா, செகண்ட் வாலா யாருக்கு?"

"இன்னொரு பாப்பாவுக்கு. நம்ம வீட்டுக்கு வர இருந்தா. வேற அம்மாகிட்டப் போயிட்டா."

"அச்சா. அந்த அம்மாவும் பஹுத் நாள் வெயிட் பண்ணாங்களா?"

இத்தனை வருஷத்தில் அந்த அம்மாவை நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை. நான் பிந்திய அந்த ஒரு நாள்தான், அவள் அத்தனை காலமும் வேண்டிக் காத்திருந்த நாள்.