அட்டையில் எழுதிய மூச்சு

லிஃப்ட் பராமரிப்பில் இருபத்தெட்டு வருடம் கழித்தவர் அவர். ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியிலும் மோட்டார் அறைக்குள் ஓர் அட்டை தொங்கும். பிரேக், கயிறு, எண்ணெய், கதவு என்று வாராவாரம் பார்த்து எழுத வேண்டும். பிரேக்கையும் கயிற்றையும் அவர் பார்க்காமல் விட்டதில்லை. மற்றதை மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புவார். ஒரே நாளில் எழுதியது தெரியாமலிருக்கச் சட்டைப்பையில் இரண்டு பேனா. அந்த வேலையில் இருப்பவர்கள் பலரும் செய்வதுதான். கேட்டால், அனுபவம் என்பார்கள்.

வீட்டில் துரை என்று ஒரு குட்டை நாய். கூப்பிட்டால் யோசித்துவிட்டுத்தான் வரும் என்பதால் அந்தப் பெயர். பதினோரு வயதில் அதற்கு இருமல் வந்து நிற்கவில்லை. பக்கத்துத் தெரு கால்நடை மருத்துவர் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். இதயத்தில் இரைச்சல் என்றார். நுரையீரலில் நீர் சேராமலிருக்க மாத்திரை கொடுத்து, பத்து நாள் கழித்து இதய நிபுணரிடம் போகச் சொன்னார்.

"தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுதுன்னு தினம் எண்ணி இந்த அட்டையில எழுதுங்க. முப்பதுக்குள்ள இருக்கணும். அவங்க முக்கியமா அதைத்தான் பார்ப்பாங்க."

மகள் வேலைக்குப் போகிறவள். மதியம் வீட்டுக்கு வருபவர் அவர்தான். முதல் நாள் மண்டியிட்டு எண்ணினார். ஒன்பதாவது மூச்சில் துரை கண்ணைத் திறந்துவிட்டது. இரண்டாம் நாள் துரை தூங்கும் முன் அவர் தூங்கிப்போனார். அப்புறம் உட்காரவே இல்லை. நன்றாகத்தானே சாப்பிடுகிறது என்று விட்டுவிட்டார். சாயங்காலம் மகள், "எண்ணியாச்சாப்பா?" என்பாள். "ஆச்சு ஆச்சு."

நிபுணரின் மருத்துவமனையில் மகள் பெயர் பதியப் போன நேரத்தில் அவர் அட்டையை எடுத்தார். 22, 24, 21 என்று பேனாவை மாற்றி மாற்றிப் போட்டார். எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் சந்தேகம் வருமென்று ஆறாம் நாளுக்கு மட்டும் 26.

ஸ்கேனுக்கு மயக்க ஊசியெல்லாம் இல்லை. இருட்டான அறை, நடுவில் ஓட்டை வைத்த மேசை. நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் முடியை மழித்து, பசை தடவி, துரையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முன்னங்காலை மகள் பிடித்தாள், பின்னங்காலை அவர். ஓட்டை வழியாகக் கீழிருந்து கருவியை வைத்தார் நிபுணர். திரையில் சின்ன இதயம் துடித்தது.

"இந்த வால்வு சரியா மூடல, பாருங்க. ரத்தம் பின்னாடியே வருது. இடது பக்கம் நல்லா வீங்கியிருக்கு." விளக்கைப் போட்டு அட்டையை வாங்கினார். "யாரு எண்ணினது?"

"அப்பாதான் மேடம். இவர் கண்ணை உருட்டினா லிஃப்டே ஒழுங்கா நிக்கும்," என்று மகள் சிரித்தாள்.

"ரொம்ப நன்றி சார். நிறைய பேர் வெறும் கையோட வருவாங்க. ஆறாம் நாள் மட்டும் இருபத்தாறு. அன்னைக்கு என்ன ஆச்சு?"

அவர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். "வெயில் ஜாஸ்தி."

நிபுணர் அதையும் குறித்துக்கொண்டார். "படத்தைப் பார்த்தா மாத்திரையைக் கூட்டத் தோணுது. ஆனா வீட்ல மூச்சு இவ்வளவு நல்லா இருக்கே! தேவையில்லாம இவ்வளவு கொடுத்தா கிட்னி தாங்காது. பாதியாக் குறைச்சுப் பார்ப்போம்."

பேனா தாளில் பட்டது. மேசைமேல் துரையின் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எழுதாதீங்க டாக்டரம்மா. நான் எண்ணல."

"எந்த நாள்?"

"எந்த நாளும். வெளிய உக்காந்து போட்டேன்."

"வெயில்?"

"அதுவும்தான்."

நிபுணர் திட்டியிருந்தால் தேவலை. வெயில் என்ற வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்தார், அவ்வளவுதான். மகள், "தினமும் கேட்டேனேப்பா," என்றாள். நாயைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பக்கத்து ரூம்ல விளக்கை அணைச்சுட்டு உக்காருங்க. தூங்கினதும் எண்ணிச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எதையும் எழுதப்போறதில்ல."

மகளும் கூட வந்து உட்கார்ந்தாள். துரை தூங்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் தரையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணினார். நாற்பத்து நாலு. நம்ப முடியாமல் மறுபடி எண்ணினார். அதேதான்.

எழுந்து போய்ச் சொன்னார். "நாப்பத்தி நாலு மேடம்."

நிபுணர் பேனாவை எடுக்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார்.

"நானும் எண்ணினேன்," என்றாள் மகள். "நாப்பத்தி நாலுதான்."

அதன் பிறகுதான் மாத்திரையை இரட்டிப்பாக்கி எழுதினார்.