கனகலதாவின் விரல்

கோதண்டராமனின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் முதல் குத்து, அங்கே பரிசோதனை செய்யும் கனகலதாவின் விரலுக்குத்தான். பதினாறு வருஷ வழக்கம். தன் ரத்தத்தில் சர்க்கரை தொண்ணூறை ஒட்டி வந்தால்தான் குப்பியிலிருக்கும் நொதியை நம்புவாள். சர்க்கரையைக் கண்டதும் நிறம் காட்டும் அந்த நொதி குளிரில்தான் பிழைக்கும். சூடு பட்டால் சோம்பிப்போய், இருப்பதைக் குறைத்துச் சொல்லும்.

அந்தத் திங்கட்கிழமை எழுபதுதான் வந்தது. ஜைனக் குடும்பத்துப் பெண். முந்தின நாள் சதுர்த்தசி நோன்பு, தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படவில்லை. பட்டினி கிடந்தால் குறையத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள்.

ஆட்டோ ஓட்டும் பரசுராமனுக்கு எப்போதும் இருநூறுக்குக் குறையாது. அன்று நூற்றைம்பது. "இன்னைக்கு இன்சுலின் ஊசி வேணாம்மா. பௌர்ணமி, கிரிவலம் போறேன்" என்று துள்ளிக்கொண்டு போனார். அடுத்து வந்த ஆறு பேருக்கும் கம்மி. ஒரே காலையில் ஊரே உருப்பட்டுவிடுமா என்ன? ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஐஸ் உருகி, மறுபடி உறைந்து ஒரே பாளமாகக் கிடந்தது.

"சனிக்கிழம மெயின ஆஃப் பண்ணிட்டுப் போனேன். காலையிலதான் போட்டேன்" என்றார் கோதண்டராமன். விஷயம் புரிந்ததும் முகம் மாறியது. "யாருகிட்டயும் சொல்லாத கனகா, பேரு கெட்டுடும்."

அவர் எதிரிலேயே போனை எடுத்தாள். ஆறு பேரிடமும், "ரிப்போர்ட் தப்புங்க, எங்க தப்புதான்" என்றாள். பரசுராமன் மட்டும் எடுக்கவில்லை. ஊசி போடாத மனுஷன். வழிநெடுக அன்னதானம் வேறு. போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மலைக்கு அந்தப் பக்கம் போய், வருகிறவர்களின் முகம் தெரியும்படி கூட்டத்துக்கு எதிராக நடந்தாள். "வலமா வாம்மா" என்று வைதவர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு. அடி அண்ணாமலை கோயில் அருகே, கையில் கேசரித் தொன்னையோடு நின்றிருந்தார் பரசுராமன்.

"அண்ணா, காலையில சொன்னத நம்பாதீங்க. மருந்து கெட்டுப்போச்சு, நான் கவனிக்கல. இத சாப்டாம வீட்டுக்குப் போயி ஊசி போடுங்க."

காய்ந்த உதடும் பஞ்சடைந்த கண்ணுமாய் நின்றவளை அவர் பார்த்தார்.

"நீ என்னா சாப்ட்ட?"

"நேத்து நோன்புங்க. இன்னும் இல்ல."

"தப்புனு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் பட்டினியா நடந்து வந்த? இந்தா, இது உனக்குத்தான்." தொன்னையை அவள் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

பேர் ஒன்றும் கெடவில்லை. பரசுராமனின் ஆட்டோ ஸ்டாண்டே இப்போது அந்தக் கூடத்தில்தான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறது. கோதண்டராமன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அவள் நோன்பிருந்த மறுநாள் காலையில் மட்டும், அவளுக்கு முன்னதாகவே வந்து, முதல் குத்துக்குத் தன் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.