ஜெபமணி சாரின் பஞ்சு

ஜெபமணி சார் இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அனுப்பியவருக்கு யார் சொன்னது என்று விசாரித்து, கடைசியில் சாரின் மகனையே அழைத்தேன். "ஆமா அண்ணாச்சி, காலையில நெஞ்சு வலிக்குன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாங்க" என்றார். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. விசாரிக்காமல் அழுதிருந்தால் சாருக்கே பிடித்திருக்காது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் அவரை அறியாதவர்கள் குறைவு. சரக்கு ஏற்றி இறக்கும் இடங்களில் தொழிலாளர் பாதுகாப்பை ஆய்வு செய்யும் அரசு அதிகாரி. நான் சரக்கு கையாளும் கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அலுவலர். அதாவது, நாங்கள் எலியும் பூனையும். எங்களிடம் வரும்போது குடிக்கத் தண்ணீரைக்கூடச் சொந்த பாட்டிலில் கொண்டுவருவார். இவ்வளவு சுத்தமாகக் காட்டிக்கொள்கிற ஆளுக்கு வேறெங்கோ கவனிப்பு நடக்கிறது என்றே நினைத்தேன். எங்கள் மேனேஜருக்கும் அதே எண்ணம்.

ஒருமுறை மரத்தடிகள் ஏற்றிய கப்பல் வந்திருந்தது. தடிகளைக் கட்டித் தூக்கும் கம்பிவடங்களுக்குச் சோதனைச் சான்றிதழ் இருந்தது, காலாவதியும் ஆகவில்லை. சார் அதைப் படித்துவிட்டு, பையிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்து வடங்களைத் தடவ ஆரம்பித்தார். தொழிலாளர் குழுவின் தலைவர், புன்னைக்காயல் மரியதாஸ் அண்ணாச்சி, "கப்பல் சும்மா நிக்கு. இவரு வடத்துக்கு எண்ணெ தேச்சிக்கிட்டு நிக்காரு" என்று முணுமுணுத்தார். ஒரு வடத்தைச் சார் தனியே எடுத்து வைத்தார். வேலை நின்றது.

"சான்றிதழ் இருக்கே சார், சட்டம் அதத்தான கேக்கு?" என்றார் மேனேஜர்.

"வடம் நல்லாருக்கான்னுதான் சட்டம் கேக்கு. பேப்பரு, அது நல்லாருந்த அன்னைக்கி எழுதுனது" என்றார் சார்.

போட்டிக் கம்பெனிதான் இவரை ஏவிவிட்டிருக்கிறது என்று மேனேஜர் என் காதைக் கடித்தார். நானும் தலையாட்டினேன். சார் அதைக் கவனித்திருக்க வேண்டும். பஞ்சை என்னிடம் நீட்டி, "நான் சொல்லுதத நம்ப வேண்டாம் வே. நீரே தடவிப் பாரும்" என்றார். தடவினேன். நடுவில் ஓரிடத்தில் பஞ்சு இழை இழையாக மாட்டிக்கொண்டது. அறுந்த கம்பி முனைகள் அங்கே கூட்டமாக நீட்டிக்கொண்டிருந்தன. அந்த வடத்தின் அருகே நிற்க வேண்டியவர்கள் மரியதாஸ் அண்ணாச்சியின் ஆட்கள். வேறு வடம் எடுத்துவர அண்ணாச்சியே ஆளனுப்பினார்.

அதற்காக என் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. பக்கத்துச் சரக்குத் தளத்தில் ஒரு சின்ன காண்டிராக்டர், விதிப்படி மாட்ட வேண்டிய அறிவிப்புப் பலகையை மாட்டவில்லை. சார் வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஏணியில் கைப்பிடி ஆடியதற்கோ நோட்டீஸ். நேராகவே கேட்டேன். "அவங்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா சார்?"

"பலகை இல்லாட்டா எவன் சாவான்? கைப்பிடி ஆடுனா எவன் சாவான்? அத வச்சிப் பாரும்."

"எது பெருசுன்னு நீங்களே முடிவு பண்ணுதீங்க. நாளைக்கு உங்க சீட்டுல ஒரு களவாணி உக்காந்தா, அவனும் இதத்தான சொல்லுவான்?"

சார் சிரித்தார். "சொல்லுவான். அதனாலதான் ஒம்ம மாதிரி சந்தேகப் பிராணி வேணும்ங்கேன். என்னையும் சேத்துச் சந்தேகப்படும்."

அந்தப் பதில் எனக்கு இன்றும் போதவில்லை. ஆனால் அப்படிக் கேட்டும் கோபப்படாத அதிகாரி வேறொருவரை நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

சாரின் ஊரான நாசரேத்தில் அடக்கம். பெட்டியை இறக்குவதற்குக் கயிறுகளைப் போட்டார்கள். என் கை சும்மா இருக்கவில்லை. குனிந்து ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தேன். ஒன்றில் ஓரிடம் புரி பிரிந்து நைந்திருந்தது. "வேற கயிறு கொண்டாங்க" என்றேன். போதகர் ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, "செத்தவருக்கு இனிமே என்னவே பாதுகாப்பு?" என்றார்.

"பெட்டிக்குள்ள இருக்கவருக்கு இல்ல. குழி ஓரத்துல கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கவங்க உயிரோட இருக்காங்கல்லா" என்றேன்.

சாரின் மகன் போய் வேறு கயிறு கொண்டுவந்தார். அதையும் உருவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சந்தேகம்தான். துறைமுகத்தில் அவரை அறிந்தவர்களே, உங்களுக்கும் அதில் பங்கு உண்டு. முதலில் என்னையே சந்தேகப்படுங்கள்.