கண்ணுக்குள் ஒரு குமிழி

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா?

கவனித்ததாக மூன்று பேர் போன் செய்தார்கள். ஒருவர் என் தங்கை. இன்னொருவர் ராங் நம்பர். மூன்றாமவர் நிஜமான வாசகர்தான். பக்கத்தில் விளம்பரம் போட்டிருந்தார்கள், அதுவும் படிக்க நன்றாகவே இருந்தது என்றார்.

எங்கே போயிருந்தேன்? எங்கேயும் போகவில்லை. பாலக்கோட்டில், என் வீட்டு முன்னறையில், கட்டிலில் மல்லாக்கப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கண்ணில் கருவிழி மாற்று ஆபரேஷன்.

இரண்டு வருடமாகவே எனக்குக் காலையில் பனிமூட்டம். மார்கழியில் மட்டுமல்ல, சித்திரையிலும். கண் விழித்தால் வீட்டுக்காரர் முருகேசன் புகைக்குள் நிற்பது போலத் தெரிவார். பதினொரு மணிக்கு மேல்தான் தெளிவாவார். கல்யாணமாகி முப்பத்தோரு வருடம் ஆன பிறகு இது ஒன்றும் மோசமான ஏற்பாடு இல்லையே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் மத்தியானமாகியும் மூட்டம் விலகவில்லை. ஒருநாள் சர்க்கரை என்று நினைத்துக் காபியில் ரவையைப் போட்டுக் கலக்கினேன். அவர் மறுபேச்சு பேசாமல் குடித்துவிட்டு, சேலத்துக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம் என்றார்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார். கருவிழியின் உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் இருக்கிறதாம். கருவிழியில் ஊறும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. எனக்கு அந்த மோட்டார் பழுது. இறந்துபோன ஒருவர் தானமாகக் கொடுத்த கண்ணிலிருந்து அந்தப் படலத்தை மட்டும் எடுத்து எனக்கு வைத்துவிடுவார்கள். அது விழாமல் ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விடுவார்கள். குமிழி மேலே எழும்பிப் படலத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் சரி. ஆனால் குமிழி மேலே எழும்பி நிற்க வேண்டுமென்றால்... முகம் கூரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பிடவும் பாத்ரூம் போகவும் மட்டும் எழுந்துகொள்ளலாம். குனியக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரண்டு மணிக்கொரு தரம் இரண்டு விதச் சொட்டு மருந்து, நடுவில் ஐந்து நிமிட இடைவெளி.

இதை டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரரின் முகத்தில் ஒரு ஒளி வந்ததை, மூட்டத்தையும் மீறி நான் பார்த்தேன்.

அவர் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். மூன்று வருடமாக அவருடைய மேற்பார்வைக்கு அடங்கியது ஒரு தண்ணீர் டேங்க்தான். இப்போது நான் கிடைத்துவிட்டேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே கட்டில் தலைமாட்டில் ஒரு சார்ட் தொங்கியது. மணி, மருந்து, கையெழுத்து. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு டிக். போனில் பதினாறு அலாரம். அலாரம் அடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, நிமிர்ந்த முதுகோடு வந்து நிற்பார். எனக்கு எழுந்து சல்யூட் வைக்கத் தோன்றும்... எழுந்துகொள்ளத்தான் அனுமதி இல்லையே.

மல்லாக்கப் படுத்திருப்பவளுக்கு உலகம் எப்படித் தெரியும் தெரியுமா? தாடைகளாலும் மூக்குத் துவாரங்களாலும் ஆனது உலகம். நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் கிணற்றை எட்டிப் பார்ப்பது போல என்னை எட்டிப் பார்த்தார்கள். ஆபரேஷன் ஆன கண்ணில் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது போல எல்லாம் கலங்கல். இன்னொரு கண்ணிலும் பழைய மூட்டம். அதனால் தாடையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்.

பக்கத்து வீட்டு ஜெயமணி இரண்டு கிலோ தக்காளியோடு வந்தாள். மார்க்கெட்டில் தக்காளி மண்டி நடத்துபவள். காயைத் தொட்டுப் பார்த்தே எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்லிவிடுவாள். என்னையும் அப்படித்தான் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க்கா, வச்சிருக்கறது ஆம்பளை கண்ணுங்களா, பொம்பளை கண்ணுங்களா?"

தெரியாது என்றேன். கொடுத்தவர் யார் என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் விதி என்றேன். முழுக் கண்ணையும் மாற்றவில்லை, வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிய ஒரு படலம்தான் என்றும் விளக்கினேன். ஜெயமணிக்குத் திருப்தியில்லை. அந்தக் கண் முன்னால் பார்த்ததெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறதா என்பதுதான் அவளுடைய அடுத்த சந்தேகம். இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்துதான் போனாள்.

மூன்றாம் நாள் வரை நான் உத்தமியாகத்தான் இருந்தேன். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இந்தப் பத்தியைப் போனில் பேசியே எழுதிவிடலாமே என்று ஓர் ஆசை. நெஞ்சின் மேல் போனை வைத்துக்கொண்டு ரகசியமாகப் பேசினேன். நான் "கருவிழி" என்றால் போன் "கருவேப்பிலை" என்று எழுதியது போலிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லையே, தங்கைக்கு அனுப்பிவிட்டேன். அவள் பயந்துபோய் உடனே கூப்பிட்டாள். அந்த அதிர்வில் போன் நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அது அடித்துக்கொண்டே இருந்தால் அவர் வந்துவிடுவாரே...

குனிந்தேன். குனிந்ததென்ன, மண்டியிட்டுத் தலையைக் கட்டிலுக்கு அடியில் நுழைத்து, துழாவி எடுத்தேன். எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக மறுபடி மல்லாந்துவிட்டேன். அவர் வரவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் கண்ணின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டுச் சொட்டு மருந்து விட்டார். கண்ணைத் திறந்தேன். பார்வையின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. நான் அசைந்தால் அதுவும் அசைந்தது. கோட்டுக்குக் கீழே உருண்டையாக ஒன்று தனியே மிதந்தது.

படலம் கழன்றுவிட்டது. வேறென்ன?

யாரோ ஒருவருடைய வீட்டில், பெரிய துக்கத்தின் நடுவில், மனசு வைத்து எடுத்துக் கொடுத்த ஒன்று. அதை ஒரு போனுக்காகக் கட்டிலடியில் போக்கடித்துவிட்டேனே.  கோடு தெரிகிறது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். குனிந்ததைச் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. உடனே வாடகைக் காருக்குப் போன் செய்தார்.

பின்சீட்டில் அவர் மடியில் தலை வைத்து, வானத்தைப் பார்த்தபடி சேலத்துக்குப் பயணம். தொப்பூர் கணவாயில் முன்னால் ஏதோ லாரி நின்றுபோக, வண்டிகள் அப்படியே தேங்கிவிட்டன. ஜன்னலுக்கு மேலே தார்ப்பாய் கட்டிய லாரித் தலைகள் மட்டும் கலங்கலாகத் தெரிந்தன. பிரேக் தீய்ந்த வாசனையும் புரோட்டா வாசனையும் கலந்து வந்தது. அரை மணி நேரம் வண்டி நகரவில்லை.

"ஏங்க... இது போயிருச்சுன்னா?" என்றேன்.

அவர் வெளியே லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போனா போவுது. எனக்கு ரெண்டு இருக்குதில்ல. நான் பாத்துச் சொல்றேன்."

முப்பத்தோரு வருடத்தில் அவர் பேசிய முதல் காதல் வசனம் இது. அதையும் தொப்பூர் டிராபிக்கில், ஒரு லாரியிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை அடித்துக் கண்ணுக்குள் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

நான் குனிந்ததைச் சொன்னேன். அவரும் அதே மூச்சில் தன்னுடையதைச் சொன்னார்: நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டாராம். அலாரமும் காதில் விழவில்லையாம், இரண்டு மணி மருந்தை விடவே இல்லையாம். எழுந்து பார்த்து, பயத்தில்... சார்ட்டில் டிக் போட்டுவிட்டாராம்.

பொய் டிக்! ஷிப்டில் ஒருநாளும் அப்படிச் செய்யாத மனிதர். என் போன் அடித்தபோது அவர் ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை; இரண்டு மணி மருந்து வராததுகூடப் போன் பதற்றத்தில் எனக்கு உறைக்கவில்லை. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

படலம் நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். காற்றுக் குமிழி தானாகக் கரைந்து பாதியாகியிருக்கிறது. அதன் விளிம்புதான் கோடாகத் தெரிகிறது. அதிலிருந்து பிரிந்த குட்டிக் குமிழிதான் அந்த உருண்டை. இரண்டு மூன்று நாளில் எல்லாம் கரைந்துவிடும். அதற்காக இனிமேல் குனியலாம் என்று அர்த்தமில்லை. மருந்து விட மறந்தால் மறந்தோம் என்று சொல்ல வேண்டும், டிக் போடக் கூடாது. எங்கள் மகள் வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தலை குனிந்து கேட்டுக்கொண்டார் என் வீட்டுக்காரர். எனக்குத் தலை குனிய அனுமதியில்லாததால் நிமிர்ந்தே கேட்டுக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் இது சிரிக்க வைக்கும் ஒரு பத்தியாகப் போயிருக்கும். மறுநாள் சாயங்காலம் கண்டக்டர் ஆரோக்கியசாமி அண்ணன் வந்தார்.

பின் தெருவில் இருக்கிறார். நான் தர்மபுரிக்குக் காலேஜ் போன காலத்தில் எங்கள் பஸ்ஸில் அவர்தான் கண்டக்டர். போன வருடம் அவர் மனைவி ரோஸ்லின் அக்கா மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணன் யார் வீட்டுக்கும் அதிகம் போவதில்லை.

நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்களைப் போல எட்டிப் பார்க்கவில்லை.  மெதுவாகச் சொன்னார். ரோஸ்லின் அக்காவின் கண்களை அன்றைக்கே தானமாகக் கொடுத்துவிட்டாராம். சொந்தக்காரர்கள் சண்டை போட்டார்களாம் — உயிர்த்தெழும் நாளில் கண்ணில்லாமல் எழுந்திருப்பாளே என்று. படைத்தவருக்கு இன்னொரு ஜோடி கொடுக்கத் தெரியாதா என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தாராம். இரண்டு பேருக்குப் பயன்பட்டது என்று பிறகு ஒரு கடிதம் வந்திருக்கிறது. பெயர், ஊர் எதுவும் இல்லை.

எனக்கு வைத்தது அக்காவுடையது இல்லை. அது அவருக்கும் தெரியும். ஒரு வருடத்துக்கு முன்னால் கொடுத்த கண்ணை அத்தனை நாள் வைத்திருக்க முடியாது. அவர் வந்தது அதற்கில்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதம்மா. அத வாங்கி வச்சுக்கறவங்களுக்கு... வலிக்குமா?"

ஒரு வருடமாக இந்தக் கேள்வியோடுதான் இருந்திருக்கிறார். அக்கா யாரையும் நோகவிடாத ஆள். ஊசி போட வந்த நர்ஸிடமே, எத்தனை பேருக்குப் போடுகிறாய், உனக்குக் கை வலிக்கவில்லையா என்று கேட்பாராம். அவள் கண்ணால் யாருக்காவது வலி வந்திருந்தால் அவள் பொறுக்கமாட்டாளே என்றார்.

"வலிக்கலீங்கண்ணா" என்றேன். "மணலு வுழுந்தாப்பல ஒரு நாளு உறுத்துச்சு. அவ்வளவுதான்."

நிஜமாகவா என்று கேட்டார். நிஜமாக என்றேன். முதலில் என்ன தெரிந்தது என்று கேட்டார். என் வீட்டுக்காரருடைய மூக்குதான் என்று உள்ளதைச் சொன்னேன். அண்ணன் சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. எனக்குக் கொடுத்தவர் வீடு எது என்று எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல வாசல் கிடையாது. ரோஸ்லின் அக்காவின் கண்களை வாங்கிக்கொண்ட அந்த இரண்டு பேரும் இப்படித்தானே எங்கோ தவித்துக்கொண்டிருப்பார்கள்?

அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவங்களுக்குச் சொல்ல வேண்டியத உங்ககிட்டச் சொல்லிக்கறேங்கண்ணா. ரொம்ப நன்றிங்க."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா. அவ சார்புல நான் வாங்கிக்கறேன்" என்றார்.

அவர் எழுந்து போனதும் என் இரண்டு கண்களிலும் தண்ணீர். பழைய கண், புது மோட்டார் வைத்த கண் — இரண்டும் வித்தியாசமில்லாமல் வழிந்தன. ஆறு மணி மருந்தோடு வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.  நான் எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். நான் அழலாமா என்று அவர் ஓர் இடத்தில் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் சம்சாரம் அழுகிறாள், அழலாமா என்று கேட்டார்.

எதிர்முனையில் நர்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அழலாங்க சார். துடைக்கத்தான் கூடாது."